வான் பாயும் குளம்: மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்பும் அதன் தூண்டுதல்களும்

தரம் ஏழில் ஒருநாள் மரூஉச் சொற்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பி, "டீச்சர், காக்கா வலிப்பு எண்டா காக்காமாருக்கு மட்டுமா வரும்? எங்கட சாச்சிக்கும் வாறதே" என்றான். வகுப்பே சிரித்தது. மூத்த சகோதரனைக் காக்கா என்று கூப்பிடும் கிழக்கு மாகாணத்துப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி நியாயமானது. கால் கை வலிப்பு என்பதே வாயில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆயிற்று என்பர், அதில் காகமும் இல்லை, காக்காவும் இல்லை என்று விளக்கிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்று எனக்குச் சிரிக்க முடியவில்லை. என் தங்கச்சியின் மகனுக்கு அந்த நோய்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வளவு. அவன் பிறந்து ஆறாம் மாதத்திலிருந்து இன்று ஒன்பது வயது வரை அவனுடைய வலிப்போடுதான் நாங்கள் எல்லாரும் வாழ்கிறோம்.

இந்த நோய்க்கு மனிதர் வைத்த பெயர்களைப் பாருங்கள். அரபியில் ஸர்உ என்றால் கீழே வீழ்த்துவது. ஆங்கிலப் பெயரின் கிரேக்க மூலத்துக்குப் பிடித்துக்கொள்வது என்று பொருள். தமிழில் முயலகன் என்றொரு பழம்பெயர் உண்டு. நடராசர் காலடியில் கிடக்கும் அந்த உருவத்தின் பெயரே நோய்க்கும் ஆகியிருக்கிறது. எல்லாப் பெயரிலும் யாரோ ஒருவர் வந்து பிடிக்கிறார், வீழ்த்துகிறார். ஆகவே வலிப்பைக் கண்டவுடன் நமக்கு எழுகிற முதல் கேள்வி, "யார் செய்தது? என்ன செய்ததால் வந்தது?" என்பதுதான்.

எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியே கேட்கப்பட்டது. கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

ஊசியின் மேல் விழுந்த பழி

மருமகனுக்கு ஆறாம் மாதத் தடுப்பூசி போட்டார்கள். அன்றிரவு காய்ச்சல். விடிய முன்னர் இடது கையும் இடது காலும் துடிக்கத் தொடங்கின. வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. அடுத்த மாதம் தடிமன் காய்ச்சலோடு மீண்டும் வந்தது, இம்முறை வலது பக்கம். ஒரு வயது தாண்டியபின் காய்ச்சல் இல்லாமலும் வரத் தொடங்கிற்று.

மச்சான் ஊசியைத்தான் குற்றம் சொன்னார். "இனி என்ட பிள்ளைக்கு ஊசியே வேணாம்" என்று நின்றார். உம்மும்மா கண்ணூறு என்றா. ஓதிப் பார்த்தோம், இசிம் கட்டினோம். என் பங்குக்கு நான் தங்கச்சியைப் பார்த்து, "நேத்து என்னடி குடுத்த பிள்ளைக்கு?" என்று கேட்டேன். "நான் ஒண்டும் குடுக்கல்ல ராத்தா" என்று அவள் அழுதது இப்போதும் காதில் இருக்கிறது.

முதலில் எழுதிக்கொடுத்த மருந்து கார்பமசெபின். பல வகை வலிப்புக்கு அது நல்ல மருந்து. இவனுக்கோ அதைக் கொடுக்கக் கொடுக்க வலிப்பு கூடிற்று. பிறகு கொழும்பில் பார்த்த குழந்தை நரம்பியல் நிபுணர் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்: ஆறாம் மாதம், காய்ச்சல், நீண்ட வலிப்பு, ஒருமுறை இடம் மறுமுறை வலம், சுடுதண்ணீரில் குளிப்பாட்டும்போதும் வருவது. அந்த மருந்தைப் படிப்படியாக நிறுத்தி வல்புரோவேட்டும் குளோபசாமும் எழுதினார். இரத்தம் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது. டிராவே சிண்ட்ரோம் என்று பதில் வந்தது.

பிரான்சைச் சேர்ந்த சார்லட் டிராவே என்ற பெண் மருத்துவர் 1978இல் முதலில் விவரித்த நோய் இது. ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிள்ளைகளில் ஒருவருக்கு வரும். 2001இல் பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் இதன் மூலத்தைக் கண்டார்கள். எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் உள்ள பிழைதான் அது. பெரும்பாலான பிள்ளைகளில் இந்தப் பிழை தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருவதில்லை. கரு உருவாகும்போது புதிதாக ஏற்படுகிறது. சொந்தத்துக்குள் முடித்ததால் வந்தது, உம்மாவின் வயிற்றுக் கோளாறு என்றெல்லாம் பேசுவதற்கு இங்கே இடமில்லை.

அப்படியானால் ஊசி? இதே கேள்வியை அவுஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிக் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாக நம்பப்பட்ட 14 பேரின் மரபணுவைப் பரிசோதித்தபோது 11 பேருக்கு அந்தப் பிழை இருந்தது. 2006இல் அது வெளியாயிற்று. ஊசி போட முன்னரே, பிறக்க முன்னரே, அந்தப் பிள்ளைகளிடம் நோய் இருந்திருக்கிறது. ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பை அன்றைக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். ஊசி இல்லாவிட்டால் அடுத்த தடிமன் காய்ச்சல் அதைக் கொண்டுவந்திருக்கும். ஊசிக்குப் பின் தொடங்கிய பிள்ளைகளும் வேறு வேளையில் தொடங்கிய பிள்ளைகளும் வளர்ந்து வரும் விதத்தில் வேறுபாடு இல்லை என்று 2010இல் வெளியான ஆய்வும் காட்டிற்று.

மச்சானுக்கு இதை விளங்கவைக்கக் கன நாள் எடுத்தது. விளங்கியபின் விட்டுப்போன ஊசிகளையும் மருத்துவரின் சொற்படி போட்டோம். காய்ச்சலுக்கு மருந்து, வலிப்புக்கு அவசர மருந்து இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் போட்டோம்.

காரணம் வேறு, தூண்டுதல் வேறு

எங்கள் பக்கத்துக் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மாரி மழை பெய்கிறது, குளம் நிறைகிறது. ஒரு மட்டத்துக்கு மேலே போனால் வான் பாய்கிறது. வான்கட்டு உயரமாக இருக்கிற குளத்தில் பெருமழை பெய்தாலும் தண்ணீர் வெளியே வராது. கட்டுப் பதிவாக இருந்தால் ஒரு தூறலுக்கே பாயும். பாய்ந்ததற்குத் தூறலைக் குற்றம் சொல்வோமா?

எல்லாருடைய மூளைக்கும் அப்படியொரு மட்டம் உண்டு. மூளையின் உயிரணுக்களில் சில தூண்டிவிடுபவை, சில அடக்கிவைப்பவை. அடக்கும் உயிரணுக்கள் வேலை செய்வதற்கு சோடியம் உள்ளே போகும் ஒரு வாசல் வேண்டும். டிராவே நோயில் அந்த வாசலை அமைக்கும் மரபணுவே பழுது. ஆகவே அடக்கும் பக்கம் பலவீனம், வான்கட்டு பதிவு. கார்பமசெபின் போன்ற மருந்துகள் சோடிய வாசலை அடைத்து வேலை செய்பவை. ஏற்கனவே குறைந்த வாசலை இன்னும் அடைத்தால் என்ன ஆகும்? எங்கள் பிள்ளைக்கு நடந்ததுதான் ஆகும்.

கட்டு பதிவாயிருப்பதுதான் காரணம். அது மரபணுவாக இருக்கலாம், பிறக்கும்போது மூளைக்குக் கிடைத்த அடியாகவோ மூளைக்காய்ச்சல் விட்டுச்சென்ற தழும்பாகவோ இருக்கலாம். அன்றன்றைக்குப் பெய்கிற மழை தூண்டுதல். மருந்து செய்வது கட்டை உயர்த்துவது.

பலருக்கு மருந்தால் கட்டு போதிய அளவு உயர்ந்துவிடுகிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 525 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், 47 வீதமானோருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இன்னும் 13 வீதமானோருக்கு இரண்டாவது மருந்தில் நின்றது. அதற்கு மேல் மருந்து மாற்றிப் பலன் கண்டவர்கள் மிகச் சிலர். அதனால்தான் பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியான விதத்தில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று உலக வலிப்புநோய் மருத்துவர் சங்கம் 2010இல் வரையறுத்தது. வலிப்புநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இந்த வகை.

இந்தப் பிள்ளைகளின் குளம் எப்போதும் வான் மட்டத்தோடு ஒட்டியே நிற்கிறது. மற்றப் பிள்ளையை ஒன்றும் செய்யாத ஒரு சின்ன விசயம் இவர்களுக்குப் போதும். ஒரு துளி மழை இல்லாமலும் பாயலாம். இந்தக் கடைசி வசனத்தை உம்மாமார் திரும்ப ஒருமுறை வாசிக்கவேண்டும்.

கொப்பி சொன்னது

மருமகனுக்கு நாலு வயதில் தங்கச்சியின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அன்னாசி கொடுக்கக்கூடாது. சூரை மீன் கூடாது. போயா நாளில் வெளியே விடக்கூடாது. மஃரிபுக்கு வாசலில் நிற்கக்கூடாது. மருதாணி வாசம் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு வலிப்புக்குப் பிறகு சேர்ந்தது. பிள்ளையின் உலகம் நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டு வந்தது. வலிப்போ ஒடுங்கவில்லை.

கிளினிக்கில் மருத்துவர் ஒரு கொப்பி போடச் சொன்னார். வலிப்பு வந்த நாளை மட்டும் எழுதாமல், வராத நாளையும் எழுதவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. இது சின்ன விசயமாகத் தெரியும். ஆனால் முழுக் கணக்கும் இதில்தான் நிற்கிறது. நம் மனது பொருந்தியதை நினைவில் வைக்கும், பொருந்தாததை மறந்துவிடும். அன்னாசி தின்று வலிப்பு வந்த நாள் ஆயுளுக்கும் நினைவிருக்கும். தின்றும் வராத நாள் யாருக்கு நினைவு?

90 நாள் எழுதினோம். எழுத்து வேலை என்னுடையது. அதில் 20 நாளில் வலிப்பு வந்திருந்தது. மருத்துவர் அன்னாசியை மட்டும் நிறுத்தவேண்டாம், கொடுத்துப் பாருங்கள் என்றிருந்தார். அது கொடுத்த 9 நாளில் 2 நாள் வலிப்பு. கொடுக்காத 81 நாளில் 18 நாள் வலிப்பு. இரண்டும் ஒரே விகிதம். அன்னாசிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போயாவும் மஃரிபும் அப்படியே கழிந்துபோயின.

மிஞ்சியது வேறு. காய்ச்சல் இருந்த 6 நாளில் 5 நாள் வலிப்பு. பிந்திப் படுத்த 10 இரவுகளில் 4க்கு மறுநாள் வலிப்பு. மருந்தைச் சத்தியெடுத்தது ஒருநாள், கல்யாண வீட்டில் மறந்தது ஒருநாள், இரண்டு நாளும் வலிப்பு. இப்படி 11 நாளுக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. மற்ற 9 நாளுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவர் கொப்பியைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியிடம் சொன்னது, "இந்த ஒன்பதுக்கும் நீங்களும் காரணமில்லை, யாரும் காரணமில்லை" என்பது. அவள் வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலைக் கிழித்தாள்.

நீங்களும் கொப்பி போடுவதானால் இவற்றை எழுதுங்கள்: திகதி, படுத்த நேரமும் எழும்பிய நேரமும், மருந்து கொடுத்த நேரம், உடற்சூடு, அன்று நடந்த புதிய விசயம், வலிப்பு வந்தால் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், எந்தப் பக்கம், எப்படி. ஒன்றும் நடக்காத நாளில் "ஒன்றுமில்லை" என்று எழுதுங்கள். பெரியபிள்ளையான மகளாக இருந்தால் மாதவிடாய்த் திகதியையும் குறியுங்கள். சில பெண்பிள்ளைகளுக்கு அந்த நாட்களை ஒட்டி வலிப்பு கூடும். வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவருக்கு அது தெரியவராது.

பெரும்பாலும் உண்மையாகும் தூண்டுதல்கள்

முதலாவது, தவறிய மருந்து. மறப்பது மட்டுமல்ல, கிளினிக் நாள் தள்ளிப்போய் மருந்து முடிவது, கடையில் அந்த மருந்து இல்லாமல் போவது, மருந்து குடித்த கையோடு சத்தியெடுப்பது எல்லாம் இதில் சேரும். பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பாகவே வரலாம். ஒரு கிழமைக்குரிய மருந்தை எப்போதும் மேலதிகமாக வைத்திருங்கள். சத்தியெடுத்தால் திரும்பக் கொடுப்பதா இல்லையா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

இரண்டாவது, தூக்கக் குறைவு. ஆறு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று இரவு பத்து மணி வரை டியூசன் வைக்கும் நம் ஊர்களில் இது ஆசிரியர்களுக்கும் சேர்த்துச் சொல்லவேண்டிய விசயம்.

மூன்றாவது, காய்ச்சலும் உடற்சூடும். பரசிட்டமோல், நாம் எல்லாரும் பனடோல் என்கிறோமே அது, காய்ச்சலைக் குறைக்கும். வலிப்பை நிறுத்தும் மருந்தல்ல. நிறை பார்த்த அளவில் கொடுக்கவேண்டும். டிராவே போன்ற நோயில் காய்ச்சல் இல்லாத சூடும் போதும்: சுடுதண்ணீர்க் குளிப்பு, வெய்யிலில் ஓடி விளையாடுவது, மூடிய வாகனத்தில் இருப்பது. சுடுதண்ணீரால் வரும் வலிப்பு தனி வகையாகவும் உண்டு. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், சூடான தண்ணீரைத் தலையில் அள்ளி ஊற்றிக் குளிப்பவர்களிடம் அது நிறையக் காணப்பட்டிருக்கிறது. வெதுவெதுப்பாகக் குறைத்து, தலையில் ஊற்றாமல் உடம்பைத் துடைத்துக் குளிப்பாட்டினாலே பலருக்குக் குறைகிறது. நாங்கள் மருமகனை இப்போது அப்படித்தான் குளிப்பாட்டுகிறோம். விளையாட்டுப் போட்டியையும் அவனுக்காகக் காலை எட்டு மணிக்கு முன்னர் மாற்றித்தந்தார் அவனுடைய அதிபர்.

நாலாவது, மினுங்கும் வெளிச்சம். எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். உண்மையில் இதனால் பாதிக்கப்படுபவர்கள் வலிப்புள்ளவர்களில் சிறு பகுதியினரே. 1997 டிசம்பர் 16இல் ஜப்பானில் போகேமான் காட்டூனில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னிய ஒரு காட்சிக்குப் பிறகு அறுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியதிலிருந்து தொலைக்காட்சியே வலிப்பின் எதிரி என்றாகிவிட்டது. உங்கள் பிள்ளைக்கு வெளிச்சம் தூண்டுதலா என்பதை ஈ.ஈ.ஜி. பரிசோதனையின்போது விளக்கை மின்னவைத்துப் பார்த்துச் சொல்லுவார்கள். இல்லையென்றால் பிள்ளையின் காட்டூனைப் பறிக்கவேண்டியதில்லை. ஆம் என்றால் இருட்டு அறையில் பார்க்கவிடாதீர்கள், தள்ளி இருக்கச் சொல்லுங்கள். தென்னந்தோட்டத்தின் ஓரமாக பஸ் ஓடும்போது மரங்களுக்கு இடையே வெய்யில் வெட்டிவெட்டி விழுமே, அதுவும் தூண்டும். அப்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்தச் சொல்லுங்கள். வெறுமனே கண்ணை மூடுவதைவிட அது உதவும்.

ஐந்தாவது, வேறு மருந்துகள். தடிமனுக்கு வாங்கும் சில பாணிகளில் உள்ள பழைய வகை ஒவ்வாமை மருந்துகள், சிப்ரொஃப்ளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, டிரமடோல் என்ற வலிமருந்து ஆகியவை வான்கட்டைப் பதிக்கக்கூடியவை. எந்த மருந்துக் கடையிலும், எந்த வைத்தியரிடமும் வாயைத் திறக்கும் முதல் வசனம், "இவருக்கு வலிப்பு இருக்கு, இன்ன மருந்து குடிக்கிறார்" என்பதாக இருக்கட்டும்.

ஆறாவது, மனது. பயமும் அழுகையும் மட்டுமல்ல, அளவுகடந்த சந்தோசமும் சில பிள்ளைகளுக்குத் தூண்டுதல். எங்கள் பிள்ளைக்குப் பெருநாள் காலை அப்படி. அதற்காகப் பெருநாளை நிறுத்த முடியுமா? முதல்நாள் நேரத்தோடு படுக்கவைக்கிறோம், சொந்தக்காரர் வீட்டுச் சுற்றை இரண்டு நாளாகப் பிரிக்கிறோம்.

நோன்பு மாதத்தில்

நோன்பு காலத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்பது, "பிள்ளை நோன்பு பிடிக்க ஆசைப்படுது, என்ன செய்ற?" என்பதுதான். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை, நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் மற்றப் பிள்ளைகள் பிடிக்கும்போது இவன் மனது கேட்கிறதில்லை.

ஆனால் நான் கவனித்தது வேறொன்று. நோன்பு பிடிக்காத பிள்ளைக்கும் அந்த மாதத்தில் வலிப்பு கூடலாம். தறாவீஹ் முடிந்து வீடு அமர பதினொரு மணி. சஹருக்கு மூன்றரை, நாலுக்கு அடுப்படியில் சத்தம். வீட்டின் நேரசூசி மாறும்போது பிள்ளையின் தூக்கமும் மருந்து நேரமும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. காலை ஏழு மணி மருந்தை உம்மா அசதியில் தூங்கிவிட்டுப் பத்து மணிக்குக் கொடுக்கிறா. எங்கள் வீட்டில் அந்த மாதத்துக்கு மட்டும் பிள்ளையை உம்மும்மாவின் அறைக்கு மாற்றுகிறோம், கதவைச் சாத்துகிறோம், காலை மருந்துக்குக் கைபேசியில் மணி வைக்கிறோம். நோன்பு திறக்கும் நேரத்தில் அவனும் எல்லாரோடும் பாயில் இருந்து ஈத்தம்பழம் தின்பான். அவன் கேட்டதும் அதைத்தான்.

வளர்ந்த பிள்ளைகள் நோன்பு பிடிப்பதானால், மருந்து நேரத்தை மாற்றலாமா என்று ஒரு மாதத்துக்கு முன்னரே கிளினிக்கில் கேட்கவேண்டும். நாமாக மாற்றுவது கூடாது.

வந்துவிட்டால்

எவ்வளவு கவனித்தாலும் வரும். வந்தால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். நமக்கு அரை மணித்தியாலமாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். அந்தக் கணக்கு முக்கியம். பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்கவேண்டாம். வாய்க்குள் கரண்டியோ விரலோ துணியோ வைக்கவேண்டாம். நாக்கை விழுங்குவது என்று ஒன்று இல்லை, பல் உடைவதுதான் நடக்கும். கையில் திறப்பைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கிற நேரத்தில் திறப்புக்குப் பேர் கிடைக்கிறது. ஓதிய தண்ணீராக இருந்தாலும் முழுதாக நினைவு வரும்வரை வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம். மருத்துவர் எழுதித்தந்த அவசர மருந்தைக் கொடுத்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். சில பிள்ளைகளுக்கு அதற்கு முன்னரே கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த மருந்து கன்னத்துக்குள் விடும் மிடசொலாமாகவோ பின்வழியாக ஏற்றும் டயசிபாமாகவோ இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பது வகுப்பாசிரியருக்கும் மதரஸா ஹஸ்ரத்துக்கும் தெரிந்திருக்கவேண்டும். கிணற்றடியிலும் கடலிலும் இந்தப் பிள்ளைகளை ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. மற்றக் கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்தலாம், தண்ணீர் விசயத்தில் முடியாது.

இன்னொன்று. சென்ற வருடம் பாடசாலை முற்றத்தில் அவனுக்கு வந்தபோது ஒரு பெரிய பொடியன் கைபேசியில் படமெடுத்தான். சாரம் விலகிக் கிடந்த பிள்ளையை நான் ஓடிப்போய் என் பர்தாத் துணியால் மூடினேன். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது, புகாரியில் பதிவாகியுள்ள, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் அந்தப் பெண்மணியின் சம்பவம். வலிப்பால் அவதிப்பட்ட அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பொறுமைக்குச் சுவனம் என்றதும் பொறுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் வலிப்பின்போது தன் உடல் வெளியே தெரியாதிருக்க துஆச் செய்யுமாறு கேட்டார், நபியவர்களும் செய்தார்கள். பொறுமையைப் பற்றிச் சொல்ல இந்தச் சம்பவத்தை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அவர் கேட்ட இரண்டாவது விசயத்தை நாம் எப்போதாவது பேசியிருக்கிறோமா? நோயைவிட அவருக்குப் பாரமாக இருந்தது பார்த்துக்கொண்டு நிற்கும் கண்கள். ஒருவர் போர்த்துங்கள், ஒருவர் நேரம் பாருங்கள், மற்றவர்கள் விலகிப் போங்கள். படம் வேண்டுமென்றால் மருத்துவருக்குக் காட்டுவதற்காகப் பெற்றோர் மட்டும் எடுக்கட்டும்.

மருமகனுக்கு இப்போதும் மாதத்தில் மூன்று நாலு தடவை வருகிறது. முன்னர் இருபது நாளுக்கு நாலைந்து. வான்கட்டு இன்னும் பதிவுதான், மழையைத்தான் முடிந்தளவு குறைத்திருக்கிறோம். போன கிழமை வலிப்பு வந்து தெளிந்தபின் அவன் தங்கச்சியைப் பார்த்து, "நான் என்ன செஞ்சன் உம்மா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவனுக்கு நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம்.

"நீ ஒண்டும் செய்யல்ல மனே" என்றாள் அவள். நானும் கொப்பியை எடுத்துத் திகதியைப் போட்டு, தூண்டுதல் என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.